உபயக் கல்லில் ஒரு வரி

மதிப்பிற்குரிய ஊராட்சி மன்றத் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும், ஊரணித் திருப்பணிக் குழுவினருக்கும் வணக்கம்.

நம் ஊரணியின் வடகரைப் படியைக் கட்டிய கொத்தனார் பட்டாளத்து மாமாவுக்கு முந்தாநாள் கருமாதி முடிந்தது. பந்தலில் வைத்து, ஊரணிக்கரை உபயக் கல்லில் அவர் பெயரையும் வெட்டலாமே என்று கேட்டேன். "அது பணம் குடுத்தவங்க பேரு போடுற கல்லு. அவரு கூலி வாங்கிட்டுத்தானே கட்டுனாரு?" என்றார் குழுவில் ஒருவர். தொண்டை அடைத்துக்கொண்டதால் அங்கே பதில் பேச முடியவில்லை. அதைத்தான் இப்போது எழுதுகிறேன்.

கூலி வாங்கினார், உண்மைதான். பட்டாளத்திலும் சம்பளம் வாங்கினார். 1971 டிசம்பரில் பாகிஸ்தானோடு நடந்த போரில், ஷகர்கர் பக்கம் பசந்தர் ஆற்றங்கரையில் நம் டாங்கிகள் போகக் கண்ணிவெடி வயலில் வழி திறந்த மதராஸ் சாப்பர்கள் என்ற ராணுவப் பொறியாளர் படையினரில் அவரும் ஒருவர். சம்பளம் வாங்கிய ஆள்தானே என்று அதை யாராவது தள்ளிவைப்பார்களா?

அந்த நாட்களைப் பற்றி அவர் அதிகம் பேசியதில்லை. பள்ளி விடுமுறைகளில் நான் அவருக்குக் கையாளாகப் போவேன். ஒருநாள் கானாடுகாத்தானில் ஒரு பெரிய வீட்டு வளவில் பழைய பூச்சைச் சுரண்டும்போது கரணையை நேராகக் குத்திவிட்டேன். என் மணிக்கட்டைப் பிடித்துச் சாய்த்தார். "கண்ணிவெடி தேடுற கம்பியையும் இப்படிச் சாய்ச்சுத்தான்டா விடணும். மேலேருந்து அமுக்குனா ஆளே இருக்க மாட்டான்" என்றார். அப்புறம் வேலையைப் பார்க்கத் திரும்பிவிட்டார். எனக்குத்தான் அன்று முழுக்கக் கை நடுங்கியது.

செட்டிநாட்டுப் பூச்சை அவர் செய்வதைப் பார்க்க வேண்டும். ஊறிய சுண்ணாம்பை வெண்ணெயாக அரைக்க வேண்டும். கடுக்காய்த் தண்ணீர் சேர வேண்டும். கடைசிப் பூச்சுக்கு முட்டை வெள்ளைக்கரு. கூழாங்கல்லால் தேய்க்கத் தேய்க்கச் சுவர் வியர்க்கும். அந்த ஈரத்தை வெள்ளைத் துணியால் ஒத்தி எடுத்து மறுபடி தேய்ப்பார். முகம் தெரிகிற வரைக்கும் விடமாட்டார். பூச்சு சுவரை விட்டுப் பிரிந்திருக்கிறதா என்று விரல் முட்டியால் தட்டிப் பார்த்தே சொல்லிவிடுவார்.

ஊரணியின் வடகரைப் படி சரிந்தபோது சிமெண்டு போட்டு ஒரே வாரத்தில் முடித்துவிடலாம் என்று நீங்களே சொன்னீர்கள். "செம்புறாங்கல்லு தண்ணி குடிச்சுத் தண்ணி விடும்யா, அதுக்குச் சுண்ணாம்புதான் ஒட்டும்" என்று மன்றாடியவர் அவர். எழுபது வயதைத் தாண்டிய மனுஷர், சித்திரை வெயிலில் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு நின்றார். பாதி வேலையில் ரசமட்டம் வைத்துப் பார்த்து, நூல் அளவு சாய்வு என்று தான் கட்டிய மூன்று படிகளைத் தானே பிரித்து மறுபடி கட்டினார். அந்த நாலு நாளுக்குக் கூலி வாங்கவில்லை. குழுவின் கணக்கு நோட்டில் அந்த நாலு நாள் வெறுமையாகவே இருக்கிறது, புரட்டிப் பாருங்கள்.

பிறகு இரண்டு ஐப்பசி மழை வந்தது. ஊரணி நிரம்பி மறுகால் போனது. ஒரு படிகூட அசையவில்லை. இன்றைக்கும் பெண்கள் குடத்தோடு பயமில்லாமல் இறங்குகிற படி அதுதான்.

பணம் கொடுத்தவர்களின் பெயரை எடுக்கச் சொல்லவில்லை. அவர்கள் கொடுக்காவிட்டால் கல்லே வந்திருக்காது. அந்த நன்றி எனக்கும் உண்டு. சாவுக்கு ஒட்டிய பிளெக்ஸ் வெயிலில் இப்போதே வெளுத்துவிட்டது, அதனால்தான் கல்லில் கேட்கிறேன்.

அடுத்த கூட்டத்தில் இதைத் தீர்மானமாக வைக்க வேண்டுகிறேன். எழுத்து வெட்டுகிற கூலியை நான் தருகிறேன். அவர் பெயருக்கு முன்னால் சாப்பர் என்றும் பின்னால் கொத்தனார் என்றும் இருக்கட்டும், இரண்டில் ஒன்றையும் விடவேண்டாம். கல்லின் அடியில் நாலு விரற்கடை இடம் காலியாக இருக்கிறது. நேற்று மாலை போய் அளந்து பார்த்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

இப்படிக்கு,
அவரிடம் கையாளாக இருந்தவன்