என் மகளின் பங்கை எடுத்து வையுங்கள்

மதிப்புக்குரிய பள்ளி முதல்வருக்கும் விழாக் குழுவினருக்கும்,

2025 மார்ச் 4, சாம்பல் புதனுக்கு முந்தைய செவ்வாயன்று நீங்கள் நடத்திய பான்கேக் விருந்து பற்றி எழுதுகிறேன். கிறிஸ்தவர்களின் தவக்காலம் தொடங்குமுன் வீட்டிலுள்ள முட்டை, வெண்ணெய், பாலைச் சுட்டுத் தீர்ப்பது பழைய வழக்கம். அதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. நானும் மிஷன் பள்ளியில் படித்தவள்தான்.

அன்று எங்களுக்கு ரமலானின் மூன்றாம் நோன்பு. தொடக்கநிலை ஐந்தில் படிக்கும் என் மகளுக்கு அது இன்னும் கடமையாகவில்லை. அடம்பிடித்து, விடியுமுன் உண்ணும் சஹர் உணவுக்கு எழுந்துகொள்கிறாள். "நோன்பாளிகள் சாப்பிடப்போவதில்லை, அவர்களே பரிமாறட்டும்" என்று உங்களில் யாரோ முடிவு செய்திருக்கிறார்கள். இடைவேளை முழுவதும் அவள் அடுப்பருகே நின்று தட்டுத் தட்டாகப் பாகு ஊற்றினாள். விரலில் ஒட்டியதை நக்கிவிடுவோமோ என்று பயந்து நான்கு முறை கை கழுவினாளாம். மறதியாகச் சாப்பிட்டால் நோன்பு முறியாது என்று சொல்லிக்கொடுத்திருக்கிறேன், பயம் கேட்கவில்லை. கடைசியில் மிஞ்சியதைக் குப்பைப் பையில் கொட்டியதையும் பார்த்துவிட்டு வந்தாள். அழவில்லை. "உம்மா, எனக்கு ஒன்று எடுத்து வைத்திருக்கலாமே" என்றாள்.

விருந்தை நிறுத்தச் சொல்லவில்லை. நோன்பிருக்கும் பிள்ளைகளின் பங்கைப் பொதிந்து கொடுங்கள் என்றுதான் கேட்கிறேன். ஏழே காலுக்கு மேல் நோன்பு திறக்கும்போது, ஆறிப்போன பான்கேக்கும் அவளுக்கு அமிர்தம்.

நம் சிங்கப்பூரின் இன நல்லிணக்க நாளான ஜூலை 21 வந்தால் சேலையும் மலாய் உடையான பாஜு குரோங்கும் உடுத்தச் சொல்லி, பிள்ளைகளை வரிசையில் நிறுத்திப் படம் எடுக்கிறீர்கள். இன நல்லிணக்கம் படத்தில் அழகாகத்தான் விழுகிறது. அடுத்த ஆண்டு, 2026இல், அந்தப் பான்கேக் செவ்வாய் சீனப் புத்தாண்டில் வருகிறது. விருந்தைக் கட்டாயம் முன்னதாகவே வைத்துவிடுவீர்கள். விடுமுறை நாள்காட்டியில் சிவப்பாக இருக்கிறதே! ரமலானின் முப்பது நாளுக்கு யாரும் சிவப்பு மை செலவிடுவதில்லை. பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி வாங்க வருகிறவரிடம் நாங்கள் மதம் கேட்பதில்லை, அம்மையீர்.

மன்னியுங்கள், குரல் உயர்ந்துவிட்டது. நோன்பிருக்கும் மாணவர்களைப் பரிமாற நிறுத்தாதீர்கள். அவர்கள் பங்கை வீட்டுக்குக் கொடுத்தனுப்புங்கள். தயவுசெய்து. டப்பாவை நானே கொடுத்துவிடுகிறேன், மூடியில் பெயர் எழுதி.

இப்படிக்கு,
தொடக்கநிலை ஐந்து மாணவி ஒருத்தியின் தாய்