சுவர்க்கோழியும் இறாலும்

அன்புள்ள கலா,

உன் கடிதம் போன வாரம் வந்தது. அம்மா இப்போது கோயில் வரைக்கும் நடந்து போய் வருகிறார் என்று படித்ததும் மனசு நிறைந்துவிட்டது. டிசம்பர் லீவில் நீயும் பாப்பாவும் சிங்கப்பூர் வருவது உறுதிதானே? டிக்கெட் போட்டதும் எழுது.

“இவ்வளவு படித்துவிட்டுப் பூச்சியைப் பொடியாக்கிக்கொண்டா இருக்கிறாய்?” என்று கேட்டிருந்தாய். ஆமாம், அதைத்தான் செய்கிறேன். ஹாஸ்டல் குளியலறைச் சந்தில் விடிய விடியக் கத்துமே சுவர்க்கோழி, அந்த இனம்தான். 2024 ஜூலையில் சிங்கப்பூர் உணவு அமைப்பு 16 வகைப் பூச்சிகளைச் சாப்பிட அனுமதி கொடுத்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021இலேயே அனுமதி கொடுக்கத் தொடங்கிவிட்டார்கள்.

முகம் சுளிக்காதே. ஐப்பசியில் உங்கள் பாட்டி வீட்டில் என்ன செய்தோம்? விளக்கடியில் தண்ணீர்ச் சட்டி வைத்து ஈசல் பிடித்தோம். பாட்டி அதை வறுத்து, முறத்தில் புடைத்துச் சிறகைப் போக்கி, வறுத்த அரிசியோடு கலந்து கொடுப்பார். இன்னொரு கை கேட்டால், “போதும், வயிற்றைக் கெடுக்கும்” என்று சட்டியை மூடிவிடுவார். என் வேலையும் அதுதான். எது, எவ்வளவு, யாருக்கு ஆகாது என்று பார்ப்பது.

போன மாதம் தாய்லாந்தில் கான் கென் பக்கம் ஒரு சுவர்க்கோழிப் பண்ணைக்குப் போனேன். சிமென்ட் தொட்டிகள், உள்ளே முட்டை அட்டைகளை நெருக்கமாக நிறுத்தியிருக்கிறார்கள். ஒரு அட்டையைத் தூக்கி உதறினால் ஓட்டுக்கூரையில் மழை விழுகிற மாதிரிச் சத்தம். சுமார் ஆறு வாரத்தில் அறுவடை. அந்த வீட்டு அம்மா தண்ணீர்த் தட்டில் கூழாங்கல் போட்டிருந்தார், குஞ்சுகள் மூழ்கிவிடக் கூடாதாம். இவ்வளவு கரிசனத்தோடு வளர்க்கும் உணவை அருவருப்பு என்று ஒதுக்க எனக்கு மனசு வரவில்லை.

ஆனால் கவலையும் இருக்கிறது. கோழியின் குடலை எடுத்துவிட்டுத்தான் சமைக்கிறோம். பூச்சியை அப்படியே குடலோடு சாப்பிடுகிறோம். அதனால்தான் கொல்வதற்கு முன் ஒரு நாள் பட்டினி போடுகிறார்கள். அப்படியும் சில கிருமிகள் தங்களைச் சுற்றி ஓடு கட்டிக்கொண்டு தூங்கும். கொதிக்கிற நீருக்கும் அசையாது. சோற்றை ராத்திரி வெளியே வைத்தால் கெடுக்கிறதே, பேசில்லஸ் சீரியஸ், அந்தக் கிருமியும் இந்தக் கூட்டத்தில் உண்டு. பொடி காய்ந்திருக்கும் வரை அது தூங்கும். ஈரம் பட்டு, வெதுவெதுப்பாக நாலு மணி நேரம் கிடந்தால் எழுந்துவிடும். என் நாளில் பாதி இந்த ஈரத்தை அளப்பதில்தான் போகிறது.

வயலில் பிடித்த பூச்சிக்கு இங்கே அனுமதி இல்லை, பண்ணையில் வளர்த்ததாக இருக்க வேண்டும். முதலில் எனக்கு அது கடுமையாகப் பட்டது, ஈசலை நினைத்துக்கொண்டேன். ஆனால் 1988-89இல் குவைத்தில் மக்கள் சாப்பிடப் பிடித்த வெட்டுக்கிளிகளில் பூச்சிக்கொல்லி மருந்து இருந்ததைப் படித்த பிறகு, சரி என்று தோன்றியது. நம் ஊர்ப் பருத்திக் காட்டு ஓரத்தில் இன்று பிடிக்கும் ஈசலைப் பாப்பாவுக்குக் கொடுப்பாயா? நான் கொடுக்க மாட்டேன்.

புரத அளவைச் சொல்வதிலும் ஒரு கோளாறு உண்டு. நைட்ரஜனை அளந்து 6.25ஆல் பெருக்குவது பழக்கம். பூச்சியின் ஓட்டிலுள்ள கைட்டின் என்ற பொருள் புரதம் இல்லை, ஆனால் அதிலும் நைட்ரஜன் இருப்பதால் கணக்கு ஏறிவிடுகிறது. சில பூச்சிகளுக்கு 4.76ஆல் பெருக்கினால் போதும் என்று நெதர்லாந்தின் வாகெனிங்கன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017இல் காட்டினார்கள். அப்படிப் போட்டால் 65 சதவீதம் புரதம் என்று பாக்கெட் அட்டையில் இருப்பது 50ஐக்கூடத் தொடாது. விற்கிறவர்கள் இதைத் திருத்த வேண்டும்.

இவ்வளவும் எழுதியது உனக்காக ஒன்று சொல்லத்தான். மூன்றாம் வருஷம் ராமேஸ்வரம் போனபோது ஒரே ஒரு இறால் சாப்பிட்டு உன் உதடு வீங்கி, மூச்சுத் திணறி, நள்ளிரவில் ஆஸ்பத்திரிக்கு ஓடினோமே, மறந்திருக்க மாட்டாய். உன் கை என் கையைப் பிடித்திருந்த இறுக்கம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. இறாலின் தசையில் இருக்கும் டிரோப்போமயோசின் என்ற புரதம்தான் பெரும்பாலும் அதற்குக் காரணம். சுவர்க்கோழியிலும் ஏறத்தாழ அதே புரதம் இருக்கிறது. வறுத்தாலும் வேகவைத்தாலும் முழுசாக அழிவதில்லை. முழுப் பூச்சியாக இருந்தால் கண்ணுக்குத் தெரியும், விலகிப் போவாய். மாவாகிப் பிஸ்கட்டுக்குள் போய்விட்டால்? அட்டையில் “இறால், நண்டு ஒவ்வாதவர்கள் சாப்பிட வேண்டாம்” என்ற வரி பெரிய எழுத்தில் வர வேண்டும் என்று ஒவ்வொரு கூட்டத்திலும் நான் மல்லுக்கட்டுவது உன்னை நினைத்துத்தான்.

ஆகவே இங்கே வந்ததும் எந்தத் தின்பண்டமாக இருந்தாலும் என்னைக் கேட்காமல் வாயில் போடாதே. பாப்பாவுக்கு இறால் ஒத்துக்கொள்கிறதா என்று அடுத்த கடிதத்தில் எழுது. உன் டாக்டர் கொடுத்த மாத்திரைச் சீட்டைக் கைப்பையிலேயே வை, பெட்டியில் போட்டுவிடாதே. அப்புறம், அம்மா இடித்த பருப்புப் பொடி ஒரு டப்பா வேண்டும்.

என்றும் அன்புடன்,
மல்லிகா