சுருட்டி அனுப்பிவிடக்கூடிய துணியா அது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிரான்சின் பாயூ நகரத்துப் போர்ச் சித்திரத் துணி லண்டனுக்குப் போவது பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தோம். 1066-இல் நார்மண்டிப் பிரபு வில்லியம் கடல் தாண்டி வந்து, ஹேஸ்டிங்ஸ் களத்தில் ஆங்கிலேய மன்னன் ஹாரல்டை வீழ்த்தி இங்கிலாந்தைப் பிடித்த கதையைக் கட்டுரையாளர் சுவையாகவே சொல்லியிருக்கிறார். ஆனால், ஒன்பது நூற்றாண்டு தாங்கிய துணியைச் சுருட்டிப் பெட்டியில் போட்டு அனுப்பினால் என்ன கெட்டுவிடும் என்று கேட்டு முடித்திருக்கிறாரே, அதை ஏற்க முடியவில்லை. பழந்துணி பராமரிக்கும் வேலையில் இருப்பவர்கள் நாங்கள். அதனால் இந்தக் கடிதம்.

கட்டுரை அதை 'நெய்த திரைச்சீலை' என்கிறது. அது நெய்த படமல்ல, தையல் வேலை. லினன் துணி வேறு, அதன் மேல் கம்பளி நூலால் போட்ட வேலை வேறு. ஒன்பது லினன் துண்டுகளை ஒட்டுப்போட்டு ஏறக்குறைய 68 மீட்டர் நீளமும் அரை மீட்டர் உயரமுமாகச் செய்திருக்கிறார்கள். முதல் இரண்டு துண்டுகள் சேரும் இடத்தில் மேல்கரை சரியாகப் பொருந்தவில்லை. அதற்கடுத்த ஒட்டுகளைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். அவ்வளவு சீக்கிரம் கற்றுக்கொண்டிருக்கிறார்கள்.

உருவங்களின் ஓரமும் லத்தீன் எழுத்துகளும் பெரும்பாலும் காம்புத் தையல். உள்ளே நிரப்பும் வேலைதான் கவனிக்க வேண்டியது. முதலில் நூலை நெருக்கமாக, பக்கம் பக்கமாகப் படுக்கவைக்கிறார்கள். அதன் மேல் குறுக்காக, சில மில்லிமீட்டர் இடைவெளி விட்டு ஒவ்வொரு நூல். அந்தக் குறுக்கு நூலைப் பொடித்தையலால் ஆங்காங்கே துணியோடு பிடிக்கிறார்கள். ஆரி வேலைக்காரர்கள் 'கவுச்சிங்' என்று சொல்வது இந்தக் கடைசி வேலையைத்தான். துணிக்குள் இறங்கிய ஊசி பக்கத்திலேயே மேலே வந்துவிடுவதால் பின்புறத்தில் நூல் வீணாவதில்லை. குதிரையின் உடம்பு போன்ற பெரிய பரப்பைச் சீக்கிரம் மூடிவிடலாம். நீலக் குதிரையின் மறுபக்கத்துக் கால்களை மட்டும் சிவப்பில் நிரப்பித் தூரம் காட்டிய சாமர்த்தியமும் இந்த முறைக்குள்தான். முகத்தையும் கையையும் நிரப்பாமல் வெறும் துணியாகவே விட்டுவிட்டார்கள்.

இந்தச் சிக்கனத்திலேயே பலவீனமும் இருக்கிறது. படுக்கவைத்த நீள நூல்களுக்குத் துணியில் பிடிப்பு இரண்டு முனைகளில்தான். நடுவில் குறுக்கு நூலை நம்பியே இருக்கின்றன. பொடித்தையல் ஒன்று அறுந்தால் குறுக்கு நூல் தளரும், அடியிலிருக்கும் நூல்கள் எழும்பும், எதிலாவது மாட்டும். இப்படிப்பட்ட துணிக்கு ஒரே ஒரு பெரிய இழுப்பைவிட, லாரிப் பயணத்தில் நிற்காமல் வரும் சின்ன அதிர்வுதான் மோசம்.

சுருட்டுவதைப் பற்றி. சித்திரத் துணிக்குப் பின்னால் பழைய உள்துணி ஒன்றும், 1980களில் சேர்த்த தாங்குதுணியும் இருக்கின்றன. உருளையில் சுற்றும்போது வெளி அடுக்குக்கு நீளம் அதிகம் வேண்டும், உள் அடுக்குக்குக் குறைவு. வெளியே இருப்பது இழுபடும், உள்ளே இருப்பது மடிந்து சுருக்கம் விழும். வேலைப்பாட்டை வெளிப்பக்கம் வைத்தால் தையல் விறைக்கும். உட்பக்கம் வைத்தால் நசுங்கும். இது வெறும் ஊகமும் அல்ல. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் உருளையிலிருந்து பிரித்துக் காட்டிக்கொண்டிருந்தார்கள். அப்போது பார்த்த ஆங்கிலேயர் ஒருவர் அந்தக் கருவியைக் கிணற்று ராட்டினத்தோடு ஒப்பிட்டு எழுதியிருக்கிறார். துணியின் கடைசிப் பகுதி கிழிந்து குறைபட்டு நிற்கிறது. வில்லியம் முடிசூடும் காட்சி அங்கே இருந்திருக்கலாம் என்பது பலருடைய கருத்து.

2020-இல் அங்குலம் அங்குலமாகச் சோதித்து எடுத்த கணக்கு இது: கறைகள் 24,204, சுருக்கங்கள் 16,445, நூலோ துணியோ விட்டுப்போன இடங்கள் 9,646, இன்னும் நிலைப்படுத்தாத கிழிசல்கள் 30. செப்டம்பர் 2025-இல் பேழையிலிருந்து வெளியே எடுத்தபோது அதைச் சுருட்டவில்லை. தனியாகச் செய்த சட்டத்தில் மடிப்புத் தட்டி போல வளைத்து வைத்தார்கள்.

சுருக்கம்தானே, நீவிவிட்டால் போகாதா என்று கேட்கலாம். நீவக் கூடாது. காரணம் சொல்கிறோம். கண்ணில் அம்பு பாய்ந்து ஹாரல்ட் இறந்தான் என்று கட்டுரை அடித்துச் சொல்கிறதே, அந்த அம்பே தகராறில் இருக்கிறது. 1729 வாக்கில் ஓவியர் பெனுவா இந்தத் துணியைப் பார்த்து வரைந்த படத்தில் அந்த உருவத்தின் கையில் இருப்பது இறகில்லாத வெறும் தண்டு. இன்று தெரியும் இறகு பிற்காலப் பழுதுபார்ப்பில் வந்திருக்கலாம். பக்கத்திலேயே குதிரைவீரனால் வெட்டுப்பட்டு விழும் இன்னொரு உருவம். அதன் தலையருகே நூல் போன வெறும் ஊசித்துளைகள் வரிசையாக இருக்கின்றன. அங்கேயும் ஓர் அம்பு இருந்ததா என்ற கேள்விக்கு அந்தத் துளைகளே சாட்சி. ஈரம் காட்டி இழுத்து நீவினால் லினன் இழைகள் நகர்ந்து துளை மூடிக்கொள்ளும், சாட்சியும் போய்விடும்.

சாயத்தைப் பொறுத்தவரை பயம் சற்றுக் குறைவு. நீலம் 'வோட்' என்ற செடியின் இலையிலிருந்து வந்தது. நம் அவுரியில் உள்ள நீலப்பொருளேதான் அதிலும். சிவப்பு, மஞ்சிட்டி இனத்துச் செடியின் வேர். மஞ்சள், 'வெல்டு' என்ற செடி. இந்த மூன்றை வைத்தே பத்து நிறங்கள். வெளிச்சத்தில் முதலில் போவது மஞ்சள். நீலமும் மஞ்சளும் சேர்ந்ததே பச்சை என்பதால் பச்சை மெல்ல நீலத்தின் பக்கம் சாயும். பழந்துணிக்கு 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) என்பது பொது வரம்பு. பார்வையாளர் எத்தனை லட்சம் என்பதல்ல, விளக்கு எத்தனை மணி நேரம் எரிகிறது என்பதுதான் கணக்கு.

இரவல் கொடுக்கவே கூடாது என்பது எங்கள் வாதமல்ல. பாயூ அருங்காட்சியகம் புதிதாகக் கட்டுவதற்காக மூடப்பட்டிருக்கிறது. எப்படியும் துணியை இடம் மாற்றியே ஆக வேண்டும். பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் செப்டம்பர் 2026 முதல் ஜூலை 2027 வரை வைப்பதாக அறிவிப்பு. அதில் கேட்க வேண்டியவை இரண்டுதான்: மொத்தம் எத்தனை முறை கைபடும், வழியில் அதிர்வை எந்த அளவுக்குள் நிறுத்துவார்கள்? இத்தனை கோடிக்குக் காப்பீடு என்ற செய்தியால் ஒரு பொடித்தையலுக்கும் பயனில்லை.

இன்னொன்று. கட்டுரையோடு 'மூலத்தின் ஒரு பகுதி' என்று அச்சிட்ட படம் மூலமல்ல. அதில் எல்ஃப்கிவா என்ற பெண் நிற்கும் காட்சிக்குக் கீழே, துணியின் ஓரக்கரையில் இருக்கும் ஆள் அரைக்கால் சட்டை போட்டிருக்கிறான். மூலத்தில் அவன் முழு நிர்வாணம். சட்டை போட்டவன் இங்கிலாந்தின் லீக் ஊரில் எலிசபெத் வார்டில் தலைமையில் 35 பெண்கள் 1885-86-இல் தைத்த பிரதியில் இருப்பவன். அவர்கள் பார்த்துத் தைத்த படங்களிலேயே அவனுக்குச் சட்டை மாட்டிவிட்டிருந்தார்கள். அந்தப் பிரதி இப்போது ரெடிங் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. தைத்த பெண்கள் தங்கள் பெயர்களையும் அவரவர் பகுதியின் கீழே தைத்து வைத்திருக்கிறார்கள். அடுத்த இதழில் படக்குறிப்பைத் திருத்தி வெளியிடக் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
பழந்துணிப் பராமரிப்புப் பணியில் உள்ள வாசகர்கள்,
சென்னை