நாவலடி சுனாமி நினைவுத்தூபி வளவின் அமைதி தொடர்பான கோரிக்கை மனு

பிரதேச செயலாளர் அவர்கள்,
பிரதேச செயலகம், மண்முனை வடக்கு,
மட்டக்களப்பு.

ஊடாக: கிராம உத்தியோகத்தர்

ஐயா / அம்மணி,

தூபி வளவில் கைபேசி கேம் விளையாடுவது தொடர்பாக

2004 டிசம்பர் 26 வரை நாவலடியில் குடியிருந்து, பிறகு திராய்மடுவில் குடியேற்றப்பட்ட குடும்பங்கள் சார்பில் இதை எழுதுகிறேன். கடலுக்கும் வாவிக்கும் நடுவே ஒடுங்கிக் கிடக்கிற மணல்திட்டு எங்கள் ஊர். அன்று காலை ஓடித் தப்ப எங்களுக்கு மேட்டுநிலம் இருக்கவில்லை. என் மகளின் உடல் கிடைக்கவேயில்லை. அவளுக்கென்று விளக்குக் கொளுத்த எனக்கு அந்தத் தூபியை விட்டால் வேறு இடமில்லை.

சில மாதங்களாகப் பின்னேரங்களில் ஐந்தாறு இளைஞர்கள் அங்கே கூடி, தூபியில் முதுகைச் சாய்த்துக்கொண்டு துப்பாக்கிச் சண்டை கேம் விளையாடுகிறார்கள். கைபேசியில் சத்தத்தைக் கூட்டி வைத்திருப்பார்கள். "சுடுடா, அவன் செத்தான், அடுத்தவன் வாறான்" என்று கத்துவார்கள். மகளின் பிறந்தநாளுக்குப் போனபோது அந்தச் சத்தத்துக்குள்தான் திரியைக் கொளுத்தினேன். கை நடுங்கி, இரண்டு தரம் அணைந்தது. என்னைக் கண்டதும் ஒரு தம்பி மட்டும் சத்தத்தைக் குறைத்தார். அவர் நல்லாயிருக்க வேண்டும். கடல் வந்தபோது இந்தப் பிள்ளைகள் பிறக்கவே இல்லை. அது என்ன இடம் என்று அவர்களுக்கு ஒருவரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அதனால் பொலிசை அனுப்பிக் கலைக்கும்படி நாங்கள் கேட்கவில்லை.

2016 இல் போகிமொன் கோ என்கிற, உண்மையான இடங்களுக்குப் போய் விளையாடுகிற கைபேசி கேம் வந்தபோது, அணுகுண்டில் இறந்தவர்களை நினைக்கும் ஹிரோஷிமா அமைதிப் பூங்காவுக்குள்ளும் அந்த கேமுக்கான இடங்கள் காட்டப்பட்டன. ஆகஸ்ட் 6 நினைவு நாளுக்கு முன் அவற்றை எடுத்துவிடும்படி மாநகர நிர்வாகம் கேட்டது, கேமை நடத்தும் நிறுவனமும் எடுத்துவிட்டது. இந்தத் தம்பிமாரை இங்கே கூட்டி வருவது கேம் இல்லை, கடற்காற்றும் நிழலும்தான். ஆகவே நாங்கள் தங்களிடம்தான் கேட்கவேண்டியிருக்கிறது.

தூபியிலிருந்து தள்ளி, சவுக்கு மரங்களின் கீழ் நாலு வாங்கு போட்டுத் தாருங்கள். அவர்கள் அங்கே இருந்து ஆசைதீர விளையாடட்டும். தூபியடியில் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் ஓர் அறிவித்தல் பலகை வேண்டும். வெறுமனே 'தடை' என்று எழுதாமல், இங்கே நினைக்கப்படுகிறவர்கள் யார், எந்த நாளில் போனார்கள் என்பதை முதலில் எழுதி, அதன்கீழ் சத்தம் வைக்க வேண்டாம், சாய்ந்து இருக்க வேண்டாம் என்று கேட்டால் போதும். டிசம்பர் 26 காலை 9.25 இலிருந்து இரண்டு நிமிட மௌனம் காக்கிறோம். கடைசியாகக் கூடியபோது அந்த இரண்டு நிமிடத்துக்குள்ளும் ஒரு கைபேசியிலிருந்து வெடிச்சத்தம் கேட்டது. அன்று மட்டுமாவது வாசலில் ஓர் உத்தியோகத்தரை நிறுத்தி, வருகிறவர்களிடம் கைபேசிச் சத்தத்தை நிறுத்தச் சொல்லுங்கள்.

இன்னுமொன்று. நினைவு நாளுக்கு முன் தூபிக்கு வெள்ளையடிக்கும் வேலை இருக்கிறது. அந்தத் தம்பிமாரை கிராம உத்தியோகத்தர் மூலம் அதற்குக் கூப்பிடுங்கள். தேத்தண்ணி நான் கொண்டு வருவேன். எங்கள் பிள்ளைகள் யார் யார், எந்த வீட்டில் இருந்தவர்கள் என்று பக்கத்தில் நின்று சொல்லவும் வருவேன்.

இவ்வண்ணம்,
நாவலடியில் பிள்ளையை இழந்த ஒரு தாய்,
திராய்மடு, மட்டக்களப்பு.