ஊளை நின்றுவிட்டது: என் வால்வு ஆம்ப்புக்குக் கைகொடுத்தவர்களுக்கு நன்றி மடல்

எல்லோருக்கும் வணக்கம்.

நான் இன்னிசைக் கச்சேரிகளில் கிட்டார் வாசிக்கிறவன். வீடு ஜெய்ஹிந்த்புரம். சொந்தமாக ஒரு வால்வு ஆம்ப்ளிஃபையர் (கண்ணாடிக் குழல் வால்வுகளால் கிட்டார் ஒலியைப் பெருக்கும் பெட்டி) கட்டி அதில் வாசிக்க வேண்டும் என்று நெடுநாள் ஆசை. இப்போது கட்டியாகிவிட்டது. கூவாமல், கரகரக்காமல், நான் வாசிப்பதை மட்டும் அது வாசிக்கிறது. ரிகர்சலுக்கு வருகிறவர்கள் "நீயாப்பா செஞ்ச?" என்று கேட்கும்போது ஆமாம் என்று சொல்லிவிட்டு நகர மனசு வரவில்லை. ஈயம் வைத்தது நான்தான். ஆனால் அந்தப் பெட்டி வாயை மூடிக்கொண்டதற்குக் காரணம் மதுரையின் நாலைந்து மூலைகளில் இருக்கிறவர்கள். யார் பெயரையும் போடவில்லை. "என் பேரைப் போட்டுறாத, அப்புறம் ஊரே ரிப்பேருக்கு வந்து நிக்கும்" என்று பாதிப் பேர் முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள்.

விஷயம் தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. ஃபெண்டர் கம்பெனியின் சாம்ப் என்ற சின்ன ஆம்ப்பின் 5எஃப்1 வரைபடம்தான் மூலம். அதில் பவர் வால்வு, அதாவது ஸ்பீக்கரை ஓட்டும் கடைசி வால்வு, 6வி6. எனக்குக் கிடைத்ததோ பாரத் எலக்ட்ரானிக்ஸ் பெங்களூரில் செய்த பழைய ஈஎல் 84. முன்னால் ஒரு ஈசிசி 83 (ஒரே குழலுக்குள் இரண்டு வால்வு, அதாவது பெருக்குவதற்கு இரண்டு கட்டங்கள்; ஈஎல் 84 மூன்றாவது கட்டம்), கடைசியில் 8 அங்குல ஸ்பீக்கர். மொத்தமே ஐந்து வாட் பக்கம்தான். ஐந்து வாட்டுக்கு இவ்வளவு பாடா என்று கேட்கிறவர்கள் ஒருமுறை நேரில் வந்து கேட்டுப் பார்க்கவும்.

புதூர் வைண்டிங் அண்ணே, முதல் நன்றி உங்களுக்கு. மிக்ஸியும் மோட்டாரும் வரிசைகட்டி நிற்கிற கடையில், அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் (கடைசி வால்வையும் ஸ்பீக்கரையும் இணைப்பது) சுற்றித் தர முடியுமா என்று வந்தவனை நீங்கள் துரத்திவிடவில்லை. ஈஎல் 84-க்கு 5,200 ஓம் சுமை வேண்டும், ஸ்பீக்கர் 8 ஓம் என்றேன். பழைய பில்லின் பின்பக்கத்தில் வகுத்து, வர்க்கமூலம் எடுத்து, சுற்றுகளின் விகிதம் "இருபத்தஞ்சரைக்கு ஒண்ணு" என்று சொல்லிவிட்டீர்கள். ஒற்றை வால்வு என்பதால் பிரைமரியில் (வால்வுப் பக்கச் சுற்றில்) எந்நேரமும் டீசி (ஒரே திசை மின்சாரம்) ஓடும், இரும்பு அதிலேயே நிறைந்துபோகும், அதனால் ஸ்டாம்பிங்கை (ஈ, ஐ எழுத்து வடிவ இரும்புத் தகடுகளை) மாற்றி மாற்றி அடுக்காமல் ஈ எல்லாம் ஒரு பக்கம், ஐ எல்லாம் எதிர்ப் பக்கம் வைத்து நடுவில் காகிதம் கொடுக்க வேண்டும் என்று நான் இழுத்து இழுத்து விளக்கிக்கொண்டிருந்தேன். "டியூப் லைட் சோக்குக்கு வைக்கிறதுதானே" என்று நீங்கள் கத்திரிக்கோலை எடுத்துவிட்டீர்கள்.

முதல் ஊளையையும் நீங்கள்தான் போனிலேயே தீர்த்தீர்கள். ஆன் செய்து வால்வு சூடானதும் தொடங்கியது. வால்யூமைப் பூஜ்யத்துக்குத் திருப்பினாலும் நிற்கவில்லை. "ஸ்பீக்கர்லருந்து திரும்பி உள்ள போற ஒயர் எதாச்சும் இருக்கா தம்பி?" என்று கேட்டீர்கள். இருந்தது. ஸ்பீக்கர் முனையிலிருந்து 22 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாக இரண்டாம் கட்டத்தின் கேத்தோடுக்கு (வால்வில் சூடாகி எலக்ட்ரானை வெளிவிடும் முனை) போகும் ஃபீட்பேக் ஒயர். அதைக் கழற்றினால் ஊளை இல்லை. "அப்ப தலையையும் வாலையும் மாத்திக் குடு." பிரைமரியின் இரண்டு முனைகளையும் இடம் மாற்றினேன், சத்தத்தைக் கூட்டிக்கொண்டிருந்த ஃபீட்பேக், வரைபடத்தில் எழுதியிருக்கிறபடி குறைக்க ஆரம்பித்தது. சுற்றி முடித்த டிரான்ஸ்ஃபார்மரை வெளியிலிருந்து பார்த்து எந்த முனை எது என்று யாராலும் சொல்ல முடியாது. போட்டுப் பார்க்க வேண்டியதுதான்.

திருப்பரங்குன்றம் மைக் செட் மாமா, நீங்கள் திட்டியதற்கும் சேர்த்தே நன்றி. கோயில் கொடைக்கும் கல்யாணத்துக்கும் வால்வு செட்டோடு குழாய் ஸ்பீக்கர் கட்டி வளர்ந்த உங்கள் கையில் என் பெட்டியைக் கொடுத்ததும், நீங்கள் பார்த்தது சத்தத்தை அல்ல. ஃபில்டர் கண்டென்சருக்கு (மின்சாரத்தைச் சேர்த்துவைக்கும் பாகம்) குறுக்கே, அதை வடித்துவிடும் ரெசிஸ்டர் இருக்கிறதா என்று பார்த்தீர்கள். இல்லை என்றதும் வந்த திட்டை இங்கே எழுத முடியாது. ஸ்விட்சை அணைத்த பிறகும் 300 வோல்ட் உள்ளே அப்படியே குந்தியிருக்கும், தொட்டால் ஆளைத் தூக்கி எறியும். 220 கிலோ ஓமில் ஒரு ரெசிஸ்டரை வைக்க வைத்து, மீட்டர் முள் இறங்கி முடிகிறவரை என்னைக் கையைக் கட்டி நிற்கச் சொன்னீர்கள். அப்புறம்தான் பெட்டிக்குள் விரல் வைத்தீர்கள். கரண்டு இருக்கும்போது உள்ளே அளப்பதாக இருந்தால் இடக்கை முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும் என்ற உங்கள் சட்டத்தை இன்றுவரை மீறியதில்லை.

இவ்வளவுக்கும் பிறகு, நான் எதற்காக வந்தேனோ அந்த "டப் டப் டப்" சத்தத்தை நீங்கள் தீர்க்க எடுத்துக்கொண்டது ஒரு டீ குடிக்கிற நேரம். வயக்காட்டில் ஆயில் இன்ஜின் ஓடுகிற மாதிரி, கிட்டாரையே சொருகாமல் அது பாட்டுக்கு அடித்துக்கொண்டிருந்தது. மூன்று கட்டங்களுக்கும் ஒரே இடத்திலிருந்து வோல்டேஜ் போகிறது. கடைசி வால்வு இழுக்கும்போது வோல்டேஜ் சரிகிறது. அந்தச் சரிவை முதல் கட்டம் சிக்னல் என்று நினைத்துப் பெருக்கிவிடுகிறது. குறுக்கே நின்று தாங்க வேண்டிய 22 மைக்ரோஃபாரட் கண்டென்சர் காய்ந்துபோய் பேருக்கு உட்கார்ந்திருந்தது. பழைய ரேடியோவிலிருந்து கழற்றிய சரக்கு அது. வால்வு பழசாக இருக்கலாம், டிரான்ஸ்ஃபார்மர் பழசாக இருக்கலாம், கண்டென்சர் மட்டும் புதுசாக இருக்க வேண்டும் என்று நீங்கள் சொன்னதை இனிமேல் கட்டப்போகிற எல்லோருக்கும் இங்கே ஒப்புவிக்கிறேன்.

அதற்குப் பிறகுதான் உண்மையான சோதனை. ஊளை இல்லை, டப் டப் இல்லை. ஆனால் வாசித்தால் சத்தம் சுத்தமாக இல்லை. வால்யூம் 7-க்கு வந்ததும் ஒவ்வொரு நோட்டின் ஓரத்திலும் ஒரு கரகரப்பு. விளக்கை அணைத்துப் பார்த்தால் ஈஎல் 84-இன் உள்தகடு (கேத்தோடு விடும் எலக்ட்ரானை வாங்கிக்கொள்ளும் தகடு) மங்கலாகச் சிவந்திருந்தது. கேத்தோடில் 150 ஓம் ரெசிஸ்டருக்குக் குறுக்கே ஏழரை வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்பதுக்கு மேல். அதாவது 50 மில்லி ஆம்பியர் ஓட வேண்டிய வால்வில் 60-ஐத் தாண்டி ஓடுகிறது. 12 வாட் தாங்குகிற தகடு அதற்கு மேல் வேகிறது. ஒரு கடையில் வால்வை மாற்றச் சொன்னார்கள். மாற்றினேன். புது வால்வும் சிவந்தது. இன்னொருவர் சேசிஸையே (எல்லாம் உட்கார்ந்திருக்கும் உலோகச் சட்டத்தையே) மாற்றச் சொன்னார். அவருக்கும் ஒரு நன்றி, அந்தக் கோபத்தில்தான் கீழவாசல் பக்கம் வண்டியைத் திருப்பினேன்.

ரேடியோ ஐயா, உங்களுக்குத்தான் இந்த மடலில் பெரிய பங்கு. கடையை மகன் செல்போன் கடையாக மாற்றிவிட்டாலும், பின்னால் அந்த ஒற்றை மேஜையை நீங்கள் விட்டுக்கொடுக்காமல் இருந்தது எனக்காகத்தான் என்று வைத்துக்கொள்கிறேன். நான் எழுதி வைத்திருந்த வோல்டேஜ் பட்டியலை நீங்கள் வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. அலமாரியிலிருந்து ஒரு பாக்கெட் டிரான்சிஸ்டரை எடுத்து, மீடியம் வேவில் எந்த ஸ்டேஷனும் இல்லாத இடத்தில் முள்ளை நிறுத்தி, என் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தீர்கள். "இப்ப மெதுவா வால்யூமைக் கூட்டு."

ஐந்து வரை ஒன்றுமில்லை. ஆறைத் தாண்டியதும் ரேடியோவில் "உஸ்ஸ்" என்று கிளம்பியது. கிட்டார்த் தந்தியை யாரும் தொடவில்லை. ஸ்பீக்கரில் சத்தமும் இல்லை. "உனக்குக் கேக்காது. ரேடியோவுக்குக் கேக்கும்." மனிதக் காது 20 கிலோஹெர்ட்ஸோடு நின்றுவிடும், என் ஆம்ப் அதற்கு மேலே, எங்கோ, ஒரு டிரான்ஸ்மிட்டராக வேலை பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது. பவர் வால்வு வெந்ததும் அதனால்தான். எனக்கு உடம்பெல்லாம் வியர்த்துவிட்டது. நீங்களோ "கடைசி வரைக்கும் திருப்பு" என்றீர்கள். பத்துக்குப் போனதும் உஸ் நின்றுவிட்டது. "பாத்தியா, ஏழுல கத்துது, பத்துல நிக்குது. அப்ப எந்த ஒயருன்னு தெரிஞ்சு போச்சு."

அதை நீங்கள் விளக்கியபோது எனக்குப் பாதிதான் புரிந்தது. வீட்டுக்கு வந்து தாளில் போட்டுப் பார்த்த பிறகு முழுசாகப் புரிந்தது. வால்யூம் கண்ட்ரோலின் நடுக்கால் பாதி ரெசிஸ்டன்ஸில் நிற்கும்போதுதான், அதிலிருந்து கிளம்பும் ஒயருக்குத் தரையிலும் பிடிப்பு இல்லை, முந்தைய கட்டத்திலும் பிடிப்பு இல்லை. பக்கத்தில் எது ஆடினாலும் அதைப் பிடித்துக்கொள்ளும். முழுக்கத் திருப்பிவிட்டால் முந்தைய கட்டம் அதை இறுகப் பிடித்துக்கொள்கிறது. அந்த வெள்ளை நடுக்கால் ஒயர் ஈசிசி 83-இன் 7-ஆம் பின்னுக்கு, அதாவது இரண்டாம் கட்டத்துக்குள் சிக்னல் நுழையும் காலுக்குப் போகிறது. அதன் கூடவே, ஒட்டினாற்போல், ஈஎல் 84-இன் தகட்டிலிருந்து டிரான்ஸ்ஃபார்மருக்குப் போகும் நீல ஒயர்.

நுனி கருகிய அந்த மூங்கில் குச்சியால் நீங்கள் வெள்ளை ஒயரை ஒரு விரற்கடை தூக்கினீர்கள். ரேடியோவில் உஸ் சத்தத்தின் குரலே மாறியது. இன்னும் தூக்கினீர்கள், நின்றது. விட்டீர்கள், வந்தது. மறுபடி தூக்கிக்காட்டி, "ஒயரிங் ரொம்ப அழகா இருக்கு தம்பி. அதான் கோளாறு" என்றீர்கள். சுவிட்ச் போர்டு மாதிரி எல்லா ஒயரையும் ஒன்றாகச் சேர்த்து டேக் போட்டுக் கட்டியிருந்ததைச் சொன்னீர்கள். உள்ளே வருகிற ஒயரும் வெளியே போகிற ஒயரும் ஒன்றையொன்று பார்க்கவே கூடாது, பார்த்தே ஆக வேண்டுமானால் குறுக்காக வெட்டிக்கொண்டு போகட்டும், சேர்ந்து நடக்கக் கூடாது. வெள்ளை ஒயரை எடுத்துவிட்டு ஷீல்டு ஒயர் (மேலே உலோக வலை சுற்றியது) போட்டோம்; அதன் வலையை ஒரு முனையில் மட்டும் எர்த் செய்தோம். காசு கொடுக்க வந்தபோது நீங்கள் முறைத்த முறைப்பு நினைவிருக்கிறது. அதனால்தான் இந்தக் கடிதம்.

ரேடியோ ஐயா இரண்டு கட்டங்களுக்கும் நடுவே ஒரு தடுப்பும் வைக்கச் சொன்னார். செல்லூர் பட்டறை அண்ணே, அதை மீந்த அலுமினியத் தகட்டில் நின்ற நிலையில் வெட்டி மடக்கிக் கொடுத்தீர்கள். ஏற்கெனவே சேசிஸை மடக்கி, வால்வு பேஸுக்கு 22 மில்லிமீட்டர் ஓட்டைகளைப் பிசிறில்லாமல் போட்டுத் தந்தவரும் நீங்கள்தான். டீக்கடைக்கு ஏதோ செய்கிறேன் என்றே கடைசிவரை நினைத்துக்கொண்டிருந்தீர்கள் போல. ஒருநாள் வந்து கேளுங்கள்.

பாலிடெக்னிக் மேடம், லேப் நேரம் முடிந்த பிறகும் ஆசிலோஸ்கோப்பை (அலையைத் திரையில் கோடாகக் காட்டும் கருவி) அணைக்காமல் காத்திருந்தீர்கள். ஸ்பீக்கருக்குப் பதில் 8 ஓம் ரெசிஸ்டர் மாட்டி, 1 கிலோஹெர்ட்ஸ் அலை கொடுத்துப் பார்த்தபோது, அடித்து வாசிக்கிற அளவுக்குப் போனதும் அலையின் ஒரு தோளில் மட்டும் கோடு தடித்து மங்கியது. ரேடியோ ஐயா பிடித்தது போய்விட்டிருந்தது. இது வேறு, மெகாஹெர்ட்ஸ் கணக்கில். ஈஎல் 84-இன் கிரிடுக்கு (வால்வில் சிக்னல் நுழையும் முனை) முன்னால் இருக்க வேண்டிய 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர் இருந்தது, ஆனால் டேக் ஸ்ட்ரிப்பில் (ஈயம் வைத்து இணைக்கும் பட்டையில்), வால்வின் பின்னிலிருந்து எட்டி. 6வி6-க்கு அந்தத் தூரம் பொறுத்துப்போகலாம். 6வி6 ஒரு வோல்ட்டுக்கு 4 மில்லி ஆம்பியர் சுமாருக்கு அசைந்தால் இது 11 அசைகிறது, அவ்வளவு துடியான வால்வு என்றீர்கள். ரெசிஸ்டரின் காலை வெட்டி 2-ஆம் பின்னிலேயே வைத்ததும் கோடு ஒல்லியானது.

பிள்ளைகளைக் கூப்பிட்டு நீங்கள் சொன்னதும் எனக்குத்தான் அதிகம் உதவியது. ஒரு வால்வு அலையைத் தலைகீழாக்கும், அடுத்த வால்வு அதை மறுபடி நிமிர்த்தும். ஆகவே கடைசித் தகட்டிலிருந்து ஒழுகுவது இரண்டாம் கட்டத்தின் கிரிடுக்கு வந்தால் நேராகவே வந்து சேரும். சுற்றி வரும் பலம் ஒன்றுக்குக் குறையாமல் இருந்தால் தானே பாட ஆரம்பிக்கும், பார்க்ஹௌசன் என்ற விஞ்ஞானி சொன்னது அவ்வளவுதான் என்றீர்கள். அதையே முதல் கட்டத்தின் கிரிடில் கொண்டுபோய்ச் சேர்த்தால் தலைகீழாகச் சேரும் என்று பின்வரிசைப் பையன் ஒருவன் சொன்னான். அவனுக்கும் நன்றி. எந்த ஒயருக்கு முதலில் பயப்பட வேண்டும் என்பது அதில் தெளிவானது.

வீட்டில் இருக்கிறவர்களுக்கும் பக்கத்து வீட்டு அத்தைக்கும் தனியாக என்ன எழுதுவது. பாப்பாவுக்குப் பத்தாவது பரீட்சை நடந்த வாரங்களில்கூட அத்தை சண்டைக்கு வரவில்லை, "நாயா, ரேடியோவா?" என்று சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டதோடு சரி. இரண்டும் இல்லை அத்தை.

ஆம்ப் அரசரடி ரிகர்சல் ஹாலில் இருக்கிறது. வரைபடத்தையும், ஒயர்கள் எந்த வழியில் போகின்றன என்று கையால் வரைந்த படத்தையும் மூடியின் உள்பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன். யார் வேண்டுமானாலும் போட்டோ எடுத்துக்கொள்ளலாம். மூடியைத் திறக்கும் முன் பிளக்கைப் பிடுங்கவும், மாமா சொன்னபடி மீட்டரில் பார்க்கவும்.

வைண்டிங் அண்ணே, நன்றிக் கடிதத்தில் ஆர்டர் கொடுக்கக் கூடாதுதான். ஆனாலும் அடுத்தது இரண்டு ஈஎல் 84 புஷ்-புல், அதாவது மாறி மாறி இழுக்கும் ஜோடி. தகட்டுக்குத் தகடு 8,000 ஓம், நடுவில் ஒரு டேப். இரண்டு பக்க டீசியும் ஒன்றையொன்று அடித்துக்கொள்வதால் இந்தமுறை காகிதம் வேண்டாம், ஸ்டாம்பிங்கை மாற்றி மாற்றியே அடுக்கிவிடுங்கள். அட்வான்ஸோடு திங்கட்கிழமை வருகிறேன்.

அன்புடன்,
ஜெய்ஹிந்த்புரம் கிட்டார்க்காரன்