ஸ்க்ரோல் எழுதுபவர்களுக்கு ஒரு திறந்த மடல்

செய்தித் தொலைக்காட்சிகளின் டெஸ்க்கில் இருப்பவர்களுக்கு, வணக்கம்.

அமைச்சராகப் பதவியேற்பவருக்கு அரசமைப்பின் 3ஆம் அட்டவணை இரண்டு வழி வைத்திருக்கிறது. கடவுள் பெயரால் ஆணையிடலாம். இல்லையென்றால் உளமார உறுதி கூறலாம். திரையின் அடியில் ஓடும் ஸ்க்ரோல் வரியிலோ 'உளமாற உறுதி கூறினார்' என்று வருகிறது. ஆர்தல் என்றால் நிறைதல். உளமார, மனமார, வாயார, வயிறார எல்லாம் ஒரே குடும்பம். உளமாற என்றால் மனம் மாற. பதவியேற்ற அன்றே கட்சி தாவ அச்சாரம் போட்ட மாதிரி.

இது கைதவறி விழுவதும் இல்லை. ஆங்கில எழுத்தில் ஒலியை அடித்துத் தமிழ் வரவைக்கும் ஒலிப்புமுறை விசைப்பலகையில் ற வேண்டுமென்றால் ஷிப்டை அழுத்தியாக வேண்டும். தமிழ்99 என்ற விசைப்பலகையில் ர கீழ்வரிசை, ற மேல்வரிசை. ஆக, இதுதான் சரி என்று நம்பியே அடிக்கிறார்கள். பேச்சில் ரகரமும் றகரமும் பெரும்பாலும் ஒன்றாகிவிட்டதால் காதும் காட்டிக்கொடுப்பதில்லை.

அடுத்தது, தலைவர்களின் நினைவுநாள் தவறாமல் வரும் 'நினைவுகூறினார்'. சொல்திருத்தி இதைப் பிடிக்காமல் போகலாம். கூறினார் நல்ல சொல்தானே! இங்கே வேண்டியது கூர்தல், அதாவது மிகுதல். 'அன்புகூர்ந்து' என்று மனுவில் எழுதுகிறோமே, அதே வினை. நினைவுகூர்ந்தார், நினைவுகூர்கிறார், நினைவுகூரும். 'நினைவுகூற' என்ற வடிவில்தான் கண் ஏமாறும். ஐயம் வந்தால் இறந்தகாலத்தில் சொல்லிப் பாருங்கள்: 'ந்தார்' வந்தால் ர, 'இனார்' வந்தால் ற.

ழகரக் கோளாறு இரண்டு. சூள் என்பது சபதம். தேர்தல் மேடையில் தலைவர் சூளுரைக்கிறார், சூழுரைப்பதில்லை. வாளா என்றால் சும்மா. புகார் கொடுத்தும் காவல்துறை வாளாவிருந்தது. 'வாழாவிருந்தது' என்றால் பிழைப்பே இல்லாமல் கிடந்தது என்று ஆகும்.

தானியங்கித் திருத்தப் பட்டியல் போடுவதானால் எழுத்தை மாற்றச் சொல்லாதீர்கள், முழுச்சொல்லை மாற்றச் சொல்லுங்கள். 'நினைவுகூறினார்' என்பதில் ற-வை மட்டும் ர ஆக்கினால் 'நினைவுகூரினார்' என்று புதுப்பிழை பிறக்கும். 'வாழா' என்று மட்டும் கொடுத்தால் 'வாழாமல்' எல்லாம் 'வாளாமல்' ஆகிவிடும். 'வாழாவிரு' வரை கொடுங்கள். 'நினைவு கூறினார்' என்று இடம்விட்டு அடிப்பவர்களும் உண்டு, அதையும் சேருங்கள். 'உளமாற', 'சூழுரை' இரண்டையும் கண்ணை மூடிக்கொண்டு மாற்றலாம்.

வாழ்த்துகளா வாழ்த்துக்களா என்ற சண்டைக்கு இந்த மடல் வரவில்லை. புலவர்களே இன்னும் கட்சி கட்டி நிற்கிறார்கள். ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொண்டு சேனல் முழுக்க அதையே எழுதினால் போதும்.

ஸ்க்ரோலைத் திருத்தும்போது சேமித்து வைத்திருக்கும் கிராஃபிக்ஸ் ப்ளேட்டையும் (எழுத்தோடு திரையில் காட்டும் வடிவமைப்பு அட்டை) திறந்து திருத்திவிடுங்கள். அடுத்த ஆண்டு நினைவுநாளுக்கு அதே ப்ளேட்டை எடுத்துத் தேதியை மட்டும் மாற்றி ஓட்டினால், பழைய பிழையும் கூடவே ஓடும்.