பீரோவைப் பூட்டாதே, கயல்

அன்புள்ள கயலுக்கு,

அம்மா எழுதுவது. போனில் சொல்லலாம் என்றால் உன் மலையில் பேச்சு பாதியிலேயே அறுந்துவிடுகிறது.

நீ அனுப்பிய வகுப்பறைப் போட்டோவைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். மூன்று வகுப்பும் ஒரே அறையில். மூலையில் கணித உபகரணப் பெட்டி, ஆணிமணிச்சட்டம், கிழிந்த அட்டைகள், தூசி படிந்த சார்ட் சுருள்கள். "எதைத் தொட்டாலும் சரியுதும்மா, எல்லாத்தையும் பீரோவுல வெச்சுப் பூட்டிடட்டுமா?" என்று கேட்டாய். வேண்டாம். நான் பூட்டினவள்.

2007-ல் செயல்வழிக் கற்றல் மாநிலம் முழுக்க வந்தபோது நீ சின்னப் பெண். ஆந்திராவின் ரிஷிவேலிப் பள்ளியில் முளைத்து, 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் வேர் பிடித்த முறை அது. எங்கள் பள்ளியிலும் கட்டுக்கட்டாக அட்டைகள் வந்து இறங்கின. ஒவ்வொன்றிலும் ஒரு சின்னம், ஒரு எண். பாட வரிசையைக் காட்டும் ஏணிப்படி அட்டவணையில் பிள்ளை தன் இடத்தைப் பார்த்து, தானே அட்டையை எடுத்துவந்து குழுவில் உட்கார வேண்டும். ஒன்று தொலைந்தாலும் இருப்புப் பதிவேட்டில் என் கையெழுத்தல்லவா இருக்கிறது? பயந்துபோய் நல்ல அட்டைகளைப் பூட்டிவிட்டு, ஆய்வு நாளில் மட்டும் பரப்பினேன். ஒருமுறை வந்தவர் முன்னாலேயே ஒரு ரெண்டாம் வகுப்புப் பையன், "டீச்சர், இதெல்லாம் புதுசா வந்திருக்கா?" என்று கேட்டுவிட்டான். அவர் சிரித்துக்கொண்டார். எனக்குத்தான் முகம் காந்தியது. அடுத்த மழைக்காலம் கழித்துத் திறந்தால் அடி வரிசையைக் கரையான் தின்றிருந்தது. பதிவேட்டில் மட்டும் எல்லாம் முழுசாக இருந்தது.

சரி, செய்ய வேண்டியதற்கு வருகிறேன். முதலில், ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் நெஞ்சுயரத்துக்கு மேல் எதையும் வைக்காதே. இந்த வாரப் பாடத்துக்கு வேண்டியது மட்டும் வெளியே இருக்கட்டும். எல்லாவற்றையும் கடை பரப்பினால் எதையும் தொடமாட்டார்கள். டப்பாக்களில் பெயர் எழுதி ஒட்டாதே. எழுத்தே தெரியாத குழந்தைக்கு அதனால் என்ன பயன்? உள்ளே பாட்டில் மூடிகள் இருந்தால் வெளியே ஒரு மூடியை ஒட்டு, குச்சி இருந்தால் ஒரு குச்சி. இன்னொன்று, டப்பாக்களைப் பிள்ளைகளின் கற்றல் நிலைப்படி அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்து வைக்காதே. அது உன் குறிப்பேட்டில் இருந்தால் போதும். எந்த டப்பா யாருக்கு என்று பிள்ளைகள் இரண்டே நாளில் கண்டுபிடித்துவிடுவார்கள், அப்புறம் அரும்பு டப்பாவை எடுக்கவே கூச்சப்படுவார்கள்.

ஈர்க்குச்சிதான் எனக்கு எப்போதும் பிடித்தது. பத்துப் பத்தாக ரப்பர் பேண்ட் போட்டுப் பத்துக் கட்டு. மணி அடிப்பதற்குப் பத்து நிமிடம் முன்பு இரண்டு பேர் கட்டிவைக்க வேண்டும். பெரும்பாலும் ஒன்பது கட்டும் ஏழு குச்சியும்தான் வரும். "அப்ப எத்தன இருக்கு? எத்தன காணோம்?" என்று கேட்டுவிட்டு நீ சும்மா இரு. பாய்க்கு அடியில் ஒன்று, எவன் சட்டைப்பையிலோ ஒன்று, மூன்றாவது ஜன்னலுக்கு வெளியே. பத்தும் ஒன்றும் என்ற இடமதிப்பைக் கரும்பலகையில் நான் அவ்வளவு நன்றாக ஒருநாளும் நடத்தியதில்லை.

புளியங்கொட்டையை வெயிலில் நன்றாகக் காயவைத்த பிறகுதான் டப்பாவில் போட வேண்டும், இல்லாவிட்டால் வண்டு வந்துவிடும். குன்றிமணி மட்டும் வேண்டவே வேண்டாம். அழகாக இருக்கிறதென்று யாராவது கொண்டுவருவார்கள். கடித்து விழுங்கினால் உயிருக்கே ஆபத்து.

கதைப்புத்தகங்களை அடுக்காதே, அட்டை தெரிகிற மாதிரி கயிற்றில் தொங்கவிடு. கிழியும். கிழிந்தால் ஒட்டிக்கொள்ளலாம். எங்கள் காலத்தில் வகுப்பறையில் தலைக்கு மேலே கட்டிய கம்பிப் பந்தல் அங்கே இன்னும் இருந்தால் அதை அறுத்துவிடாதே. பிள்ளைகள் வரைந்ததை மாட்ட அதைவிட நல்ல இடம் கிடையாது.

உனக்கு ஒரு பார்சல் அனுப்புகிறேன். பருப்புப் பொடிக்கு அடியில் ஒரு பொட்டலம் இருக்கும். அப்பா தென்னை ஓலை கிழித்து ரெண்டு நாளாகத் திண்ணையில் உட்கார்ந்து சீவின ஈர்க்குச்சி. சரியாக நூறு என்கிறார். நான் எண்ணிப் பார்க்கவில்லை, உன் பிள்ளைகள் எண்ணட்டும்.

அன்புடன்,
அம்மா